சவுலின் காய்மகாரம்: பொறாமையா, பட்டத்தைப் பற்றிய பயமா?

மலையடிவாரம்:

எங்கள் சபையில் பெரியவர்களுக்கான வேதபாட வகுப்பை இந்த வருடம் நான் எடுக்கிறேன். போன ஞாயிறு 1 சாமுவேல் 18 வந்தது. இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலும், கோலியாத்தைக் கொன்ற இளைஞன் தாவீதும் போரிலிருந்து திரும்பும்போது பெண்கள் ஆடிப்பாடிக்கொண்டு வருகிறார்கள்: "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்." ராஜாவுக்கு எரிச்சல். "அந்நாள்முதற்கொண்டு சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்." வழக்கமாக இந்த இடத்தில் பொறாமை எவ்வளவு பெரிய பாவம் என்று பேசிவிட்டு ஜெபத்தோடு முடித்துவிடுவோம். அன்று பின்வரிசையில் இருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார். "சவுலுக்கு என்ன குறைந்துபோச்சு? அவன் ஏற்கெனவே ராஜா. தாவீது வந்ததால் நிஜமாகவே நஷ்டப்பட்டவன் அவன் மூத்த மகன் யோனத்தான்தானே? அவனுக்கு ஏன் பொறாமை வரவில்லை?"

என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து 16ஆம் அதிகாரத்தில் தொடங்கி சவுல் சாகிற 31 வரை ஒரே மூச்சாக வாசித்தேன். 20:31 என்னை நிறுத்திவிட்டது. அமாவாசை விருந்து, தாவீதின் இடம் காலியாக இருக்கிறது. சவுல் மகனைப் பார்த்துக் கத்துகிறான்: ஈசாயின் மகன் (தாவீதுதான்) உயிரோடு இருக்கும்வரை நீயும் நிலைக்கமாட்டாய், உன் ராஜ்யமும் நிலைக்காது. என் ராஜ்யம் என்று அவன் சொல்லவில்லை, உன் ராஜ்யம் என்கிறான். பாட்டைக் கேட்டு வந்த எரிச்சல் வெறும் தொடக்கம்தான். உள்ளே இருந்தது ஒரு தகப்பனின் பயம். யோனத்தான் ஒரு கேள்வி கேட்டதுமே ஈட்டியை அவன்மேல் எறிகிறான். யாருக்காகச் சிங்காசனத்தைக் காப்பாற்ற நினைத்தானோ அவன்மேலேயே.

இந்தக் கோணத்தில் யோசித்தவர்கள் எழுதுங்கள். அடுத்த ஞாயிறுக்குள் அந்த அம்மாவுக்கு நேர்மையான ஒரு பதில் வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள் ஐயா. முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். எபிரெயத்தில் 18:9இல் இருப்பது கண் என்று பொருள்படும் "ஆயின்" என்ற சொல்லிலிருந்து வந்த வினை. சவுல் அன்றிலிருந்து தாவீதின்மேல் கண்வைத்தான் என்பதுதான் நேர்ப்பொருள். நம் பாட்டிகள் "கண்ணு வெச்சுட்டான்" என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். கண்காணிப்பும் அதில் இருக்கிறது, எரிச்சலும் இருக்கிறது. "காய்மகாரம்" என்று தமிழில் போட்டவர்கள் அந்த எரிச்சலைப் பிடித்துவிட்டார்கள். காய்தல் அதிலேயே கேட்கிறது. ஆனால் கண்ணை விட்டுவிட்டார்கள்.

கண்காணிப்பு ஏன் என்றால், 15ஆம் அதிகாரத்துக்குப் போக வேண்டும். அமலேக்கியர் விஷயத்தில் கீழ்ப்படியாததால் ராஜ்யம் உன்னிடமிருந்து கிழிக்கப்பட்டுவிட்டது, உன்னிலும் நல்லவனான உன் தோழனுக்கு அது கொடுக்கப்பட்டுவிட்டது என்று தீர்க்கதரிசி சாமுவேல் சொல்லிவிடுகிறார். பெயரை மட்டும் சொல்லவில்லை. அந்த நாளிலிருந்து சவுல் "அது யார்?" என்ற கேள்வியோடு வாழ்கிற மனிதன். பெண்களின் பாட்டு அவனுக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. பாட்டைக் கேட்டதும் அவன் சொல்வதே, இனி ராஜாங்கம் மட்டும்தான் இவனுக்குக் குறை என்பதுதான்.

வகுப்பில் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது: சால்வை. 15:27இல் சவுல் சாமுவேலின் சால்வைத் தொங்கலைப் பிடிக்க, அது கிழிகிறது. 18:4இல் யோனத்தான் தன் சால்வையைக் கழற்றித் தாவீதுக்குக் கொடுக்கிறான். 24ஆம் அதிகாரத்தில் எங்கேதி குகையில் தாவீது சவுலின் சால்வைத் தொங்கலை அறுக்கிறான். எபிரெயத்திலும் மூன்று இடத்திலும் ஒரே சொல், "மெயில்". ஒருவனிடமிருந்து கிழிகிறது, ஒருவன் தானே கழற்றிக் கொடுக்கிறான், மூன்றாவது முறை கத்தியால் அறுபடுகிறது. கடைசியில் எந்தோரில் குறிசொல்லுகிறவள் எழுப்பிய, மாண்டுபோன சாமுவேலை சவுல் அடையாளம் கண்டுகொள்வதும் போர்த்தியிருந்த சால்வையை வைத்துத்தான். இதை எழுதியவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நெல்லைச்சீமை:

நான் சவுல் பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

சவுலுக்கு முன்னால் இஸ்ரவேல் கோத்திரங்களுக்கு ராஜாவே இல்லை. அப்பாவுக்குப் பிறகு மகன் என்ற வழக்கமும் அங்கே உறுதிப்படவில்லை. கிதியோனை ஆளச் சொன்னபோது நானும் ஆளமாட்டேன், என் மகனும் ஆளமாட்டான் என்று மறுத்தார். அவர் மகன் அபிமெலேக்கு சகோதரர் எழுபது பேரை ஒரே கல்லின்மேல் கொன்று சீகேமில் ராஜாவானான். சாமுவேல் தன் மகன்கள் யோவேலையும் அபியாவையும் நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் லஞ்சம் வாங்கினார்கள், அதனால்தான் ஜனங்கள் ராஜா வேண்டும் என்றே கேட்டார்கள். பக்கத்து ஏதோமில் ஆண்ட ராஜாக்களின் பட்டியல் ஆதியாகமம் 36இல் இருக்கிறது. எட்டுப் பேரில் ஒருவர்கூடத் தனக்கு முந்தினவரின் மகன் இல்லை.

சவுல் நின்ற தரை இதுதான். பட்டம் மகனுக்குப் போகும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சின்னக் கோத்திரமான பென்யமீன்காரர் அவர். யூதாவிலிருந்து ஒருவன் வருகிறான், ஜெயித்துக்கொண்டே இருக்கிறான், படை அவனை நேசிக்கிறது, மகளும் நேசிக்கிறாள், மகனும் நேசிக்கிறான். அந்த இடத்தில் பயப்படாத ராஜா யார்? அவர் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. நோபு ஊர் ஆசாரியர் 85 பேரை வெட்டவைத்ததற்கு மன்னிப்பே கிடையாது. ஆனால் "பொறாமை" என்ற ஒரே சொல்லில் அவரை முடித்துவிடுவது அநியாயம்.

புதுவரவு:

ஒரு சந்தேகம். அவ்வளவு பயந்தவர் ஏன் தன் மகளையே தாவீதுக்குக் கட்டிக்கொடுத்தார்? மருமகன் ஆனால் உரிமை இன்னும் கூடுமே?

கிணற்றடி:

புதுவரவு, அந்தக் கேள்விக்கு வேதமே பதில் சொல்லிவிடுகிறது. பரிசப்பணம் வேண்டாம், பெலிஸ்தர் நூறு பேரைக் கொன்றதற்கு அடையாளம் கொண்டுவா என்றார் சவுல். தாவீது அவர்கள் கையில் சாகட்டும் என்பதுதான் கணக்கு. மகள் தூண்டில் புழு. கணக்கு தப்பியது.

எல்லாரும் ஆண்களின் பொறாமையைப் பற்றியே எழுதுகிறீர்கள், அதனால் அந்த மகள் மீகாளைப் பற்றி நான் எழுதுகிறேன். அவள் தாவீதை நேசித்தாள் என்று எழுதியிருக்கிறது. தாவீது அவளை நேசித்தான் என்று எந்த இடத்திலும் இல்லை. அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டு, கட்டிலில் சிலையைக் கிடத்தி, அப்பாவிடம் பொய் சொன்னவள் அவள். தாவீது ஓடிப்போனதும் சவுல் அவளை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுகிறார். தாவீதின் மருமகன் உரிமையை அறுத்துவிடுவதற்குத்தான் அது என்று நினைக்கிறேன். அப்புறம் வருஷங்கள் கழித்து, எப்ரோனில் ராஜாவாக இருக்கும்போது, சவுல் வீட்டார் ஆண்ட வடக்கோடு பேச்சுவார்த்தைக்கு தாவீது வைக்கிற முதல் நிபந்தனை: மீகாளைத் திருப்பி அனுப்பு. அதற்குள் அவருக்கு எப்ரோனில் மனைவிகள் ஆறு பேர். மீகாளை அவர் கேட்டது சவுலின் மருமகன் என்ற பேருக்காக.

அவளுடைய கணவன் பல்த்தியேல் பகூரிம் வரைக்கும் அழுதுகொண்டே பின்னால் நடந்து வருகிறான். சவுலின் படைத்தலைவனாக இருந்த அப்னேர் "திரும்பிப் போ" என்கிறான். அவன் போய்விடுகிறான். அவ்வளவுதான், அவனைப் பற்றி அதன்பின் ஒரு வரி கிடையாது. இந்தப் பட்டத்துச் சண்டை முழுவதிலும் எதையும் கேட்காமல், யாரையும் கொல்லாமல், நேசித்ததற்காக மட்டும் அழுத ஆண் அவன் ஒருவன்தான். என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடிந்ததே இல்லை.

மீகாளுக்குச் சாகும்வரை பிள்ளை இல்லை என்ற வரியையும் சேர்த்துப் படியுங்கள். சவுலின் ரத்தமும் தாவீதின் ரத்தமும் ஒரே குழந்தையில் சேர்ந்திருந்தால் இரண்டு வீட்டுச் சண்டையும் அங்கேயே அடங்கியிருக்கலாம்.

வரலாற்றுமாணவன்:

ஒரு எச்சரிக்கையோடு உள்ளே வருகிறேன். சவுலின் மனசுக்குள் என்ன ஓடியது என்று இவ்வளவு விவரமாகச் சொல்வது யார்? ஜெயித்த வீட்டின் பக்கத்தில் நின்றவர்கள். சவுல் கில்போவாவில் செத்தபோது தாவீது தூரத்தில் சிக்லாகில் இருக்கிறான். சவுலின் கிரீடத்தைத் தாவீதிடம் கொண்டுவந்த அமலேக்கியன் கொல்லப்படுகிறான். அப்னேரைத் தாவீதின் படைத்தலைவன் யோவாப் குத்துகிறான், தாவீது பாடைக்குப் பின்னால் அழுதுகொண்டு நடக்கிறான். சவுலுக்குப் பின் வடக்கை ஆண்ட மகன் இஸ்போசேத்தின் தலையைக் கொண்டுவந்தவர்களும் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு சாவும் தாவீதைச் சிங்காசனத்துக்கு ஒரு படி பக்கத்தில் கொண்டுபோகிறது, ஒவ்வொன்றிலும் அவன் கையில் ரத்தம் இல்லை என்று கதை உறுதியாகச் சொல்கிறது. அப்படி அழுத்திச் சொல்லவேண்டிய தேவை இருந்தது என்றால், அந்தக் காலத்திலேயே வேறு மாதிரிப் பேசியவர்கள் இருந்திருக்கிறார்கள். சவுல் வீட்டு உறவினன் சீமேயி தாவீதை "இரத்தப்பிரியனே" என்று திட்டிக் கல்லெறிந்தது அந்தப் பேச்சின் மிச்சம்.

இன்னொன்று: பழைய கிரேக்க மொழிபெயர்ப்பின் முக்கியமான கையெழுத்துப் படியில் 17:55 முதல் 18:5 வரை இல்லை. யோனத்தான் சால்வையைக் கொடுப்பது அதில் வராது. 18:10, 11இல் வரும் முதல் ஈட்டியெறிதலும் இல்லை. அதில் சவுலின் பகை படிப்படியாக ஏறுகிறது. நம் கையிலிருக்கும் எபிரெயப் பாடத்தில் பாட்டுக்கு மறுநாளே ஈட்டி பறக்கிறது. இரண்டு வடிவங்கள் புழங்கியிருக்கின்றன.

இதனால் எல்லாமே கட்டுக்கதை என்று சொல்லவரவில்லை. 1993இல் தேல் தாணில் கிடைத்த அராமியக் கல்வெட்டு கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, அதில் "தாவீதின் வீடு" என்று இருக்கிறது. அந்தப் பெயரில் ஓர் அரச வம்சம் எதிரிகளும் அறிந்த ஒன்றாக இருந்தது. சவுலுக்கு அப்படி ஒரு கல் இதுவரை கிடைக்கவில்லை.

மலையடிவாரம்:

வரலாற்றுமாணவன் தம்பி, உங்கள் எச்சரிக்கை சரி, வகுப்பிலும் சொல்வேன். ஆனால் அரண்மனைக்காக எழுதியவர்கள், தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் கணவன் உரியாவைச் சாகவைத்த கதையை ஏன் விட்டுவைத்தார்கள்? தாவீதின் மகள் தாமாருக்கு அண்ணன் முறையான அம்னோனால் நடந்ததை ஏன் எழுதினார்கள்? அரண்மனைக்கு ஆகாததையும் எழுதத் துணிந்த ஒரு கை இதில் இருக்கிறது. சவுல் விஷயத்திலும் அதே கைதான். "என் குமாரனாகிய தாவீதே, இது உன் சத்தமல்லவா" என்று எங்கேதியில் சவுல் சத்தமிட்டு அழுவதை ஜெயித்தவன் பெருமைக்காக மட்டும் எழுதியிருக்க முடியாது என்பது என் நம்பிக்கை. அப்போதும் அவர் கேட்கும் சத்தியத்தைப் பாருங்கள்: எனக்குப் பின் என் சந்ததியை வேரறுக்காதே. மறுபடியும் வாரிசுதான்.

இன்று உட்கார்ந்து வயதைக் கணக்குப் போட்டேன். எனக்கே ஆச்சரியம். தாவீது ராஜாவானபோது வயது 30. ஏறக்குறைய அதே சமயத்தில் பட்டத்துக்கு வந்த இஸ்போசேத்துக்கு 40. நாளாகமத்தின் பட்டியலில் சவுலின் மகன்களில் யோனத்தான் முதலில், இஸ்போசேத் (அங்கே அவன் பெயர் எஸ்பால்) கடைசியில். அப்படியானால் யோனத்தான் தாவீதைவிடப் பத்து வயதுக்கும் மேல் மூத்தவன். சண்டே ஸ்கூல் படங்களில் இரண்டு பேரையும் ஒரே வயதுப் பையன்களாக வரைந்து வைத்திருக்கிறோம். உண்மையில் ஒருவன் ஆயிரம் பேருக்குத் தலைவனாகப் போர் பார்த்தவன், பட்டத்துக்கு அடுத்து நின்றவன். மற்றவன் ஆடு மேய்த்துவிட்டு வந்த பையன். அந்த வயது வித்தியாசத்தோடு சால்வையையும் பட்டயத்தையும் வில்லையும் கச்சையையும் கழற்றிக் கொடுத்ததை மறுபடி படித்தேன். சம வயது நண்பனுக்குக் கொடுப்பது ஒன்று, தனக்குப் பின்னால் வந்த சின்னவனுக்குக் கொடுப்பது வேறு.

நெல்லைச்சீமை:

அந்த வயதுக் கணக்கு அருமை. ஆனால் யோனத்தானுக்கு ஆசையே இல்லை என்று சொல்லாதீர்கள். சீப் வனாந்தரத்தில் அவன் சொல்வது: நீர் ராஜாவாயிருப்பீர், நான் உமக்கு இரண்டாவதாக இருப்பேன். இரண்டாவது இடம் என்று ஒன்றை மனசில் வைத்திருந்தான். தன் வீட்டுக்குத் தயவு செய்யவேண்டும் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான். அப்பா வாங்கிய அதே சத்தியம். பயம் அவனுக்கும் இருந்திருக்கிறது. அவன் அதை ஈட்டியாக்கவில்லை, உடன்படிக்கையாக்கினான். அந்த அம்மாவுக்கு இதைச் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் அண்ணா. நன்றி.

புதுவரவு:

தாவீதின் வீட்டில் நடந்ததும் இதே கதைதானே? சாலொமோனுக்குப் பட்டம் எப்படிப் போனது? அவர் மூத்தவர் இல்லையே.

ஏட்டுச்சுவடி:

எப்ரோனில் பிறந்தவர்கள் வரிசை: அம்னோன், கீலேயாப், அப்சலோம், அதோனியா, செப்பத்தியா, இத்ரேயாம். ஆறு பேருக்கும் ஆறு தாய். சாலொமோன் பிறந்தது பிற்பாடு எருசலேமில். கீலேயாப் அபிகாயிலின் மகன், அதன்பிறகு கதையில் வரவே இல்லை. அம்னோனை அப்சலோம் கொன்றான், அப்சலோமை யோவாப் கொன்றான், மிஞ்சியவர்களில் மூத்தவன் அதோனியா.

அம்னோன் விஷயத்தில் ஒரு நுட்பம். தாமாரைக் கெடுத்ததைக் கேட்டுத் தாவீது கோபப்பட்டார் என்று நம் வேதத்தில் நிற்கிறது. கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சாக்கடல் அருகே கும்ரானில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் ஒரு வரி கூடுதல்: அவன் மூத்த மகன் என்பதால் நேசித்தார், அவன் மனதை நோகடிக்கவில்லை. பட்டத்துக்கு உரியவன் என்ற செல்லம்தான் தண்டனையைத் தடுத்தது என்று அந்த வரி சொல்லாமல் சொல்கிறது. அதோனியாவைப் பற்றியும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது 1 ராஜாக்கள் 1:6. ஏன் இப்படிச் செய்தாய் என்று அப்பா அவனை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை.

கிணற்றடி:

அப்சலோம் இரண்டு வருஷம் காத்திருந்து அம்னோனைக் கொன்றது தங்கைக்காகவா, வரிசையில் முன்னால் நின்றவன் என்பதற்காகவா என்று யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: தாமாரைப் பட்டத்துச் சண்டையின் ஒரு காயாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, அங்கியைக் கிழித்துக்கொண்டு, சத்தமிட்டு அழுதுகொண்டு போனாள். அவள் அழுகைக்கு அரண்மனையில் எவரும் பதில் சொல்லவில்லை. அப்சலோம் தன் மகளுக்குத் தாமார் என்று பேர் வைத்தான். அது எனக்குப் போதும், அவன் மறக்கவில்லை.

நெல்லைச்சீமை:

சாலொமோன் விஷயத்துக்கு வருகிறேன். தாவீது படுக்கையில் குளிர் தாங்காமல் கிடக்கிறார். இன்றோகேலில் அதோனியா விருந்து வைக்கிறான், யோவாபும் ஆசாரியன் அபியத்தாரும் அவன் பக்கம். தீர்க்கதரிசி நாத்தான் சாலொமோனின் தாய் பத்சேபாளிடம் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார்: சாலொமோன்தான் ராஜா என்று ஆணையிட்டீரே என்று கேள், நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நானும் வந்து உறுதிப்படுத்துகிறேன். அந்த ஆணை எங்கே? 2 சாமுவேல் முழுக்கத் தேடினாலும் இல்லை. ஒரு கிழவருக்கு இல்லாத ஞாபகத்தை உண்டாக்கினார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஏட்டுச்சுவடி:

நாளாகமத்தில் இருக்கிறதே அண்ணா. சாலொமோன் என்ற பெயர்கூட முன்பே கர்த்தர் சொன்னது என்று 1 நாளாகமம் 22:9இல் வருகிறது.

வரலாற்றுமாணவன்:

நாளாகமம் பாபிலோன் சிறையிருப்புக்குப் பிந்தியது. அதில் பத்சேபாள் பாவம் இல்லை, அம்னோன் கொலை இல்லை, அப்சலோம் கலகம் இல்லை, அதோனியா விருந்தும் இல்லை. சிங்காசனம் சத்தமில்லாமல் கைமாறுகிறது. அதை வைத்து ஆணையை நிரூபிப்பது கஷ்டம். ஒன்று மட்டும் சொல்லலாம்: அதோனியா விருந்துக்கு மற்றச் சகோதரர் எல்லாரையும் அழைத்து, சாலொமோனை மட்டும் விட்டுவிட்டான். போட்டி இவன்தான் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ஆணை இருந்ததோ இல்லையோ, அரண்மனையில் பேச்சு இருந்திருக்கிறது.

நெல்லைச்சீமை:

அதை ஒத்துக்கொள்கிறேன். விருந்து அழைப்பை நான் கவனிக்கவில்லை.

ஆனால் பின்னால் நடந்தது? கீகோனில் சாலொமோனுக்கு அபிஷேகம், எக்காளம், பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு அதோனியா உயிருக்குக் கெஞ்சுவது. அப்புறம் அவன், முதிர்வயதில் தாவீதைப் பராமரித்த அபிஷாகை மனைவியாகக் கேட்கிறான், அதுவும் பத்சேபாள் மூலமாக. சாலொமோனின் பதில்: அவனுக்கு ராஜ்யத்தையும் கேளுங்கள், அவன் எனக்கு மூத்த சகோதரனாமே. அன்றே சாலொமோனின் ஆள் பெனாயாவின் பட்டயத்தில் அதோனியா சாகிறான். அபியத்தார் ஆனதோத்துக்கு விரட்டப்படுகிறார், யோவாப் பலிபீடத்தின் பக்கத்திலேயே கொல்லப்படுகிறான். ஞானி என்று பேர் வாங்கிய ராஜாவின் ஆட்சி இப்படித்தான் தொடங்குகிறது. அவர் மகன் ரெகொபெயாம் மட்டும் கொஞ்சம் பாடம் படித்திருக்கிறான். மாகாளின் மகன் அபியாவை முன்னதாகவே தலைவனாக்கிவிட்டு, மற்ற மகன்களை யூதா, பென்யமீன் எங்குமுள்ள அரணான பட்டணங்களுக்குப் பிரித்து அனுப்பி, சாப்பாட்டுக்கும் குறைவில்லாமல் பார்த்துக்கொண்டான். 28 மகன்கள். ஒரே அரண்மனையில் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தாத்தா வீட்டைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

கிணற்றடி:

ரிஸ்பாளை விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சவுலின் மறுமனையாட்டி. சவுல் செத்தபின் அவளை அப்னேர் எடுத்துக்கொண்டான் என்ற குற்றச்சாட்டில்தான் வடக்கு ராஜ்யமே ஆட்டம் கண்டது. ராஜாவின் பெண்ணைத் தொடுவது ராஜாவின் நாற்காலியைத் தொடுவது. தாவீதின் மறுமனையாட்டிகளிடம் போக அப்சலோம் மொட்டைமாடியில் கூடாரம் போட்டதும், அபிஷாகைக் கேட்டதற்கு அதோனியா செத்ததும் இதே கணக்கில்தான். பிறகு சவுல் கொன்ற கிபியோனியருக்கு ஈடாக சவுல் வீட்டு ஆண்கள் ஏழு பேரைத் தாவீது கொடுத்துவிடுகிறார். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் பிள்ளைகள். அவள் ஒரு பாறைமேல் இரட்டுத் துணியை விரித்துக்கொண்டு, அறுப்புத் தொடக்கத்திலிருந்து மழை பெய்கிற வரைக்கும், பகலில் பறவைகளையும் ராத்திரியில் மிருகங்களையும் விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் தாவீது சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்து, அவர்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் பண்ணினார்.

மலையடிவாரம் ஐயா, வகுப்பில் அந்த அம்மாவிடம் ரிஸ்பாளைப் பற்றியும் சொல்லுங்கள்.

மலையடிவாரம்:

சொல்கிறேன் சகோதரி. கண்டிப்பாக.

அந்த ஏழு பேரில் யோனத்தானின் மகன் மேவிபோசேத் இல்லை. சத்தியத்தை நினைத்துத் தாவீது அவனைத் தப்பவிட்டார். கில்போவா செய்தி வந்த நாளில் தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து இரண்டு கால்களும் முடமானவன், அப்போது ஐந்து வயது. நேற்று இரவு 1 நாளாகமம் 8ஐ எடுத்தேன். பெயர்ப் பட்டியல் என்று இத்தனை வருஷம் தாண்டிப்போன அதிகாரம். யோனத்தானின் மகன் மெரிபால் (மேவிபோசேத்தின் இன்னொரு பெயர்), அவன் மகன் மீகா, அங்கிருந்து தலைமுறை தலைமுறையாக இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் ஊலாமின் பிள்ளைகள், பிள்ளைகளும் பேரன்களுமாக 150 பேர். அவர்களைப் பற்றி எழுதியிருக்கிற ஒரே விஷயம், எல்லாரும் வில்வீரர்கள்.

யோனத்தான் கழற்றிக் கொடுத்ததில் வில்லும் ஒன்று. வருகிற ஞாயிறு 18:4ஐ வாசித்துவிட்டு, நேராக இந்தப் பட்டியலை முழுவதும் சத்தமாக வாசிக்கப்போகிறேன், ஒரு பெயரும் விடாமல். அந்த அம்மாவையே வாசிக்கச் சொல்லலாமா என்றும் யோசிக்கிறேன்.